மருதாயி மடியில் கட்டிய நெருப்பு

எறும்பும் மனிதனும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், நெருப்பு ஒரே ஓர் இடத்தில்தான் குடியிருந்தது. கரட்டுமலை உச்சியில் ஒரு பாறைக்குகை. அதுதான் அதன் வீடு. கீழே ஊர் அடுப்புகளில் எரிந்ததெல்லாம் அங்கிருந்து சட்டியில் வாங்கி வந்த கங்குதான். ஒரு வீட்டில் அணைந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊர் முழுக்க அணைந்துபோனால் மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

கேட்டவர்களுக்கு நெருப்பு இல்லை என்று சொன்னதில்லை. கங்கு கொடுப்பதில் அது தாராளம். அதன் கஞ்சத்தனமெல்லாம் வேறொன்றில் இருந்தது. தன் பெயரை மட்டும் அது யாருக்கும் கொடுக்காது. நெருப்பு என்றால் தான் மட்டும்தான். எரிவது என்றால் தான் எரிவது மட்டும்தான். வேறு எதற்கும், யாரும், எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சொற்களைத் தொடக்கூடாது. இது அதன் சட்டம். காற்று அதற்கு ஒற்றன். ஊரில் எவன் வாயிலிருந்து அந்தச் சொல் இடம் மாறி விழுந்தாலும் காற்று ஓடிப்போய் வத்தி வைத்துவிடும்.

ஒரு பெரியவர் கல்யாண வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து, மார்பைத் தடவிக்கொண்டே, "நெஞ்சு எரி..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அவர் வீட்டுக் கூரை புகைய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரே நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டது.

அதனால் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமா? கண்ணில் மிளகுத்தூள் விழுந்தவன் வைத்தியரிடம் ஓடினால், "கண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்பார். "என்னமோ பண்ணுதுங்க" என்பான். கல்லில் சிராய்த்த முழங்காலும் என்னமோ பண்ணியது. காஞ்சொறிச் செடி உரசிய கையும் என்னமோ பண்ணியது. பக்கத்து வீட்டுக்காரி புதுச்சேலை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கும் வயிற்றில் என்னமோ பண்ணியது. வைத்தியர் எல்லோருக்கும் ஒரே சூரணத்தைக் கொடுத்து அனுப்பினார். பாவம், அவர்தான் வேறென்ன செய்வார்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழை பிடித்தது. ஆறு நாள் விடவே இல்லை. கூரை ஒழுகி, சுவர் ஊறி, அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆறாம் நாள் மத்தியானம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு வீட்டிலும் பொட்டு நெருப்பு இல்லை. மழை நிற்கட்டும், யாராவது மலைக்குப் போகலாம் என்று எல்லோரும் பழைய சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, ஊர்க்கோடியில் இருந்த பொன்னான், மருதாயி தம்பதியின் நாலு வயது மகள் சிட்டு, ஒரு தவளையைத் துரத்திக்கொண்டு போய் ஓடையில் விழுந்துவிட்டாள். பொன்னான் பின்னாலேயே குதித்துத் தூக்கிவிட்டான். மூச்சு இருந்தது. ஆனால் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. உதடு நீலமாகிவிட்டது. முதலில் பல் கிடுகிடுத்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

வைத்தியர் வந்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். "உடம்புல சூடு ஏத்தோணும். பொழுது சாயறதுக்குள்ள ஏத்தோணும். அதுக்கு மேல எங்கையில இல்லீங்க," என்றார்.

பொன்னான் எழுந்தான். "நான் மலைக்குப் போறேன்."

"நீங்க உக்காருங்க," என்றாள் மருதாயி. "உங்க உடம்பு பெருசு. புள்ளையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க. எனக்குக் காலு வேகம். நான் போயிட்டு வந்தர்றேன்."

"வழுக்குமே, புள்ள."

"வழுக்கட்டும்."

சாம்பல் போட்ட மண்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். ஊருக்கும் மலைக்கும் நடுவில் அதே ஓடை. சற்று மேலே போனால் பாறைத் துறை ஒன்று உண்டு, அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். அவள் இறங்கிக் கடக்கும்போது ஒரு கட்டெறும்பு சருகோடு அடித்துக்கொண்டு வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, கொஞ்சம் ஏறிக்கட்டுமா?"

"ஏறிக்க. கடிச்சுக் கிடிச்சு வெக்காத."

"கடிச்சா மட்டும் என்ன ஆவப்போவுது?" எறும்பு அவள் தோளுக்கு ஏறி, நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டது. "நானும் உசுரக் குடுத்துத்தான் கடிக்கிறேன். கடி வாங்குனவன் என்னமோ பண்ணுதுன்னுட்டுப் போயிட்டே இருக்கறான். பண்ணுற வேலைக்கு ஒரு பேரு வேண்டாமா? மேல போறப்ப அந்த மகராசங்கிட்ட எனக்காக ஒரு வார்த்த கேளக்கா."

"இருக்கற அவசரத்துல உன்ற பேருதான் கொறச்சல். பேசாம வா."

பாதி மலையில் பாசிப்பாறை ஒன்று அவளை வாரிவிட்டது. எழுந்து பார்த்தால் சட்டி நாலு துண்டு. அவள் துண்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையையும் காலையும் ஊன்றி மேலே ஏறினாள்.

குகைக்குள் கோடைக்காலம். பாறையெல்லாம் காய்ந்து, சந்தனக்கட்டை வாசனை. நடுவில் நெருப்பு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆறு நாள் மழை அதற்கு ஒரு செய்தியே இல்லை.

"வா புள்ள. அடுப்புக்கா, விளக்குக்கா?"

"எம் புள்ளைக்குங் சாமி. ஓடையில உழுந்துட்டா. சில்லிட்டுக் கெடக்கறா. ஒரு கங்கு குடுங்க."

"தாராளமா எடுத்துக்க. சட்டி எங்க?"

"வர்ற வழியில ஒடஞ்சு போச்சுங்க."

"சட்டி இல்லாம எப்பிடி? போயி ஒண்ணு எடுத்துட்டு வா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"போயிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுருமுங் சாமி." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்ற வயிறு பத்தி எரியுதுங்க."

சொல்லிவிட்டாள். குகை வாசலில் காற்று ஆடாமல் நின்றது. எறும்பு தோளிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு அவள் கொண்டைக்குள் புகுந்தது. நெருப்பு எழுந்தது. எழுந்தது என்றால் குகைக் கூரையை முட்டும் அளவுக்கு எழுந்தது.

"என்ன சொன்ன?"

"அக்கா, என்னமோ பண்ணுதுன்னு மாத்திச் சொல்லிரு," என்று எறும்பு கொண்டைக்குள்ளிருந்து கிசுகிசுத்தது.

மருதாயி நிமிர்ந்தாள். பயந்தாள்தான். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பில்லை. "எரியுதுன்னு சொன்னேனுங்க. வேற மாத்திச் சொல்ல எங்கிட்டச் சொல்லு இல்லீங் சாமி."

"எரியறது நான். இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் எரியறவன். உன்ற வயித்துல என்ன இருக்குது, நேத்துத் தின்ன கூழா?" நெருப்பு குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்தது. "சரி, பாத்துரலாம். என்னையே வயித்துல கட்டிக்க. சட்டி வேண்டாம், சாம்பல் வேண்டாம். முந்தானைய மடிச்சுத் தோலோட ஒட்டிக் கட்டு. உன்ற வயித்துல ஒண்ணும் எரியலைன்னா வழியிலயே நீ சாம்பலு."

"எரிஞ்சுதுன்னா?"

"எரியாது."

"வாங்க சாமி, ஏறுங்க. பேசிட்டே நின்னாப் பொழுது போயிரும்."

நெருப்பு எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறது. அதை அவசரப்படுத்தியவர்கள் யாரும் இல்லை. வந்த கோபத்தில் அது ஒரு கங்கைக் கிள்ளிக் கொடுக்காமல், குகையில் இருந்த அத்தனையும் சுருங்கி, ஒரே கங்காகித் தானே அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. குகை இருண்டது. உலகத்தில் இருந்த மொத்த நெருப்பையும் முந்தானையில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு மருதாயி மழையில் இறங்கினாள்.

ஏறும்போது பார்த்துப் பார்த்து வைத்த கால், இறங்கும்போது எதையும் பார்க்கவில்லை. ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். எறும்பு கொண்டையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. "எடதுபக்கம் வேரு இருக்குது. குனிஞ்சுக்க, கெள வருது. அந்தக் கல்லு ஆடுது, மிதிக்காத. தாண்டு, தாண்டு."

மடிக்குள் நெருப்பு வேலையைத் தொடங்கியது. முதலில் சும்மா ஒரு நாக்கை நீட்டி அவள் வயிற்றைத் தொட்டது. தொட்ட வேகத்தில் பின்வாங்கியது. இன்னொரு முறை, கொஞ்சம் பெரிய நாக்காக நீட்டியது. அதுவும் திரும்பி வந்துவிட்டது.

"ஏ புள்ள. உள்ள யாரு?"

"யாரும் இல்லீங் சாமி."

"இருக்கறாங்க. என்னையத் தள்ளறாங்க."

"நீங்க மட்டுந்தானுங் இருக்கறீங்க. ஆடாம உக்காருங்க, முடிச்சு நழுவுது."

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு மடியிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் அக்கட்ட நகந்துக்கட்டுமா? சூடு தாங்கல."

நெருப்புக்கு வேர்த்தது. எறும்புக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கொண்டைக்குள்ளேயே உருண்டது.

"எத்தன வெறகு போட்ட?" என்று நெருப்பு கேட்டது.

"வெறகெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்பறம் எதைத் தின்னுட்டு எரியுது?"

"தெரியலீங்க. புள்ள தண்ணியில உழுந்ததுலருந்து இப்பிடித்தானுங் இருக்குது."

நெருப்புக்கு இது பிடிபடவில்லை. அதற்கு மூன்று வேளையும் விறகு வேண்டும். விறகில்லாமல் எரிகிற ஒன்றை அது கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தது. அதற்குள் மருதாயி நின்றுவிட்டாள்.

பாறைத் துறையைக் காணோம். முழங்கால் அளவு இருந்த ஓடை மார்பளவுக்கு ஏறி, செங்காவியாகச் சுழித்துக்கொண்டு போனது. அக்கரையில் ஊர். மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும்.

நெருப்புக்குத் தண்ணீர் வாடை பட்டதும் கங்கு நடுங்கியது. "என்னைய அவுத்துத் தலைக்கு மேல தூக்கிக்க. பந்தயமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

மருதாயி முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நனைந்த துணி, இறுகிப்போன முடிச்சு, விறைத்துப்போன விரல். நகத்தால் கீறினாள், பல்லுக்கு எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள். எறும்பு இறங்கி வந்து ஒரு நூலைக் கடித்து இழுத்தது. அவிழவில்லை.

"வேண்டாம் புள்ள," என்றது நெருப்பு. அதன் குரலில் இருந்த அதிகாரமெல்லாம் எங்கோ போயிருந்தது. "தண்ணி வடியட்டும். விடியறப்பப் போலாம். நான் போயிட்டா உலகத்துல நெருப்பே இல்ல, தெரியுமா?"

"தெரியுதுங் சாமி. எம் புள்ளைக்கு விடியற வரைக்கும் நேரமில்லீங்க. மன்னிச்சுக்கோங்க."

அவள் ஓடையில் இறங்கினாள். ஓரடி, ஈரடி. இடுப்புக்கு வந்தது தண்ணீர். மடியிலிருந்து 'சுர்ர்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் ஆவி எழுந்தது, மழையோடு போனது. பிறகு சத்தமே இல்லை. சுழல் அவளை இரண்டு முறை புரட்டியது. ஒருமுறை தலையும் முங்கியது. எறும்பு ஒரு மயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. எப்படிக் கரை சேர்ந்தாள் என்று அவளைக் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கரையில் எறும்பு மெதுவாக இறங்கி வந்து முடிச்சைத் தட்டியது. "சாமி? சாமியோவ்?" பதில் இல்லை. துணிக்குள் இருந்தது குளிர்ந்த ஒரு கரிக்கட்டை.

"போச்சக்கா," என்று எறும்பு அழுதது. "நமக்கு மட்டுமில்ல, உலகத்துக்கே போச்சு."

மருதாயி அழவில்லை. அழுவதற்கு நிற்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் அந்தக் கரியை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். வீட்டில் பிள்ளை சில்லிட்டுக் கிடக்கிறது, மடியில் நெருப்பு சில்லிட்டுக் கிடக்கிறது. இரண்டையும் எப்படி எழுப்புவது என்று அவளுக்குத் தெரியாது. வீடு போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. சிட்டு, சிட்டு, சிட்டு என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

ஊர் எல்லைப் புளியமரத்தைத் தாண்டும்போது எறும்பு மூக்கை உறிஞ்சியது. துணி கருகும் வாசம். குனிந்து பார்த்தது. மருதாயியின் விரலிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. அப்புறம் மெல்லிசாக ஒரு புகை.

"அக்கா, பொகையுது. அக்கா, பொகையுதக்கா. ஓடு."

வாசலில் ஓடிவந்து விழுந்தவளைப் பொன்னான் நிமிர்ந்து பார்த்தான். பிள்ளை அவன் மார்பில் துணிபோலக் கிடந்தாள். "அருவாள எடுங்க," என்றாள். அவன் முடிச்சை அறுத்தான். மடியிலிருந்து ஒரு கங்கு உருண்டு அடுப்புக்குள் விழுந்தது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.

பரணில் இருந்த காய்ந்த சோளத்தட்டை அள்ளிப் போட்டார்கள். பற்றிக்கொண்டது. பிள்ளையை அடுப்போரமாகப் போட்டு, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் ஆளுக்கொன்றாகத் தேய்த்தார்கள். நீலம் மெல்ல வடிந்தது. சிட்டு இருமினாள். கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றிக் கூடிவிட்ட அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். பொன்னானும் அவளோடு சேர்ந்து அழுதான். வெளியே அப்போதுதான் பொழுது சாய்ந்தது.

"அம்மா, வயிறு..." என்று சிட்டு தேம்பினாள். "வயிறு எரி..."

பொன்னான் பழக்கத்தில் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினான்.

"கையை எடுடா," என்றது அடுப்பில் இருந்த நெருப்பு. "கொழந்த சொல்லட்டும்."

"வயிறு எரியுது," என்றாள் சிட்டு. "கூழு வேணும்."

கூரை பற்றவில்லை. ஒன்றும் ஆகவில்லை. நெருப்பு அடுப்பைவிட்டு நகராமல் மருதாயியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் ஓடையில அணைஞ்சு போயிட்டேன்," என்றது. "மறுபடியும் என்னையப் பத்த வெச்சது எதுன்னு எனக்குத் தெரியும். போகட்டும், இப்பப் புள்ள முழிச்சுக்கிட்டா. உன்ற வயித்துல இருக்கறது அணைஞ்சிருக்குமே?"

மருதாயி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "இல்லீங் சாமி."

"ஏன்? அதான் பொழச்சுக்கிட்டாளே."

"ராத்திரிக்குக் காய்ச்ச கீய்ச்ச வருமோ என்னமோ. நாளைக்கு மறுபடியும் அந்தத் தவளையத் தேடிப் போவா. அப்பறம் வளந்துருவா, எங்கண்ணுக்குத் தெரியாத ஊருக்கெல்லாம் போவா." அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "இது அணையற மாதிரித் தெரியலீங்க."

ஒரு சோளத்தட்டு வெடித்து அடங்கியது. "நான் வெறகு இல்லீனா ஒரு நாழிகை தாங்க மாட்டேன், தண்ணி பட்டாச் செத்தேன்," என்றது கடைசியில். "இந்தப் பேரை நான் ஒருத்தனே வெச்சுக்கிட்டு இருந்தது தப்பு. நீ எடுத்துக்க மருதாயி. உனக்கு இல்லாத பேரு எனக்கெதுக்கு?"

அவளுக்குக் கொடுத்த செய்தியைக் காற்று ஒரே ராத்திரியில் ஊரூராகக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் மழைவிட்டதும் பொன்னான் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். முதல் ஆளாகக் கட்டெறும்பு. "சாமி, என்ற கடிக்கு ஒரு எரிச்சலாவது குடுங்க." கொடுத்தது. மிளகுக்கொடி வந்தது, காஞ்சொறி வந்தது, சிராய்த்த முழங்கால் நொண்டிக்கொண்டு வந்தது. பசி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. கோபம் எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்து, வரிசையில் நிற்க மாட்டேன் என்றது. அதற்கும் கொடுத்தது. பொறாமை மட்டும் சந்துவழியாக வந்து, அடுத்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டுவிட்டு வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டு போனது. காய்ச்சல், எவனுக்கும் வளையாத நேர்மைக்காரன், வாய் விட்டு வாய் பறக்கும் ஊர்ச்செய்தி என்று கேட்ட அத்தனை பேருக்கும் நெருப்பு தன் பெயரை இரவல் கொடுத்தது. வைத்தியருக்குத்தான் கொண்டாட்டம். எது எரிகிறது என்று நோயாளிகள் வாய் திறந்து சொன்னார்கள். அவரும் ஆளுக்கொரு மருந்து தேட வேண்டியதாயிற்று.

இரவல் வாங்கியவர்கள் எல்லோரும் எப்போதாவது திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எறும்புக்கடி ஒரு நாழிகையில் ஆறிவிடுகிறது, பசி ஒரு கவளத்தில் அடங்கிவிடுகிறது, கோபம்கூடத் தூங்கி எழுந்தால் தணிந்துவிடுகிறது. மருதாயிக்குக் கொடுத்தது மட்டும் இரவல் இல்லை.

அந்த மழை நாளில் தொடங்கித்தான், பிள்ளை வீடு திரும்பக் கொஞ்சம் நேரமானாலும் பெற்றவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டு, "வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகி, தலை நரைத்துப்போயிருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்கிறாள்.